மருத்துவமனை நிர்வாக ஆய்வு: கேள்வி எழுப்புவது முதல் கட்டுரை எழுதுவது வரை, முறையும் நெறியும் சேர்ந்த முழுமையான வழிகாட்டி

மருத்துவமனை நிர்வாகம் பற்றிய ஆய்வில் ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, ரத்த மாதிரிகூட எடுப்பதில்லை. காத்திருப்பு நேரம், படுக்கைப் பயன்பாடு, செவிலியரின் பணிச்சுமை, மருந்துப் பிழை, நோயாளியின் திருப்தி, செலவு இவைதான் பேசுபொருள். அதனாலேயே புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் இரண்டு விதமாகத் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். ஒரு கேள்வித்தாளை அச்சடித்து நூறு பேரிடம் கொடுத்து வாங்கிவிட்டால் ஆய்வு முடிந்தது என்பது ஒன்று. யாருக்கும் காயம் படாது என்பதால், பங்கேற்பவரின் பாதுகாப்பைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வெறும் சடங்கு என்பது மற்றொன்று.

இரண்டும் ஒரே இடத்தில்தான் உடைகின்றன. முறை கெட்ட ஆய்வு, தானே ஒரு நெறி மீறல். வரிசையில் நிற்கும் நோயாளியிடம் பதினைந்து நிமிடத்தை வாங்கிக்கொண்டு, பயனற்ற ஓர் எண்ணை அது நிர்வாகத்தின் கையில் கொடுக்கிறது. அந்த எண்ணை நம்பி நாளை ஒரு வார்டில் ஆள் குறைக்கப்படலாம், ஒரு சேவை மூடப்படலாம். அதனால் இந்த வழிகாட்டியில் முறையையும் நெறியையும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டும் சேர்ந்தே வரும். புறநோயாளிப் பிரிவின் காத்திருப்பு நேரம் என்ற ஒரே எடுத்துக்காட்டைப் பெரும்பாலும் பின்தொடர்வோம். அதில் வரும் எண்கள் பயிற்சிக்காகப் போடப்பட்டவை.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"நோயாளிகளின் திருப்தி குறித்த ஓர் ஆய்வு" என்பது தலைப்பு. அதற்குப் பதில் கிடையாது. பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு ஐந்து உறுப்புகள் வேண்டும்: யாரிடம், எதை மாற்றினோம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம், எந்தக் காலத்தில். இப்படி: "பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெரியவர்களுக்கு நேரம் ஒதுக்கி வரச்சொல்லும் முறை தொடங்கிய பின், பதிவுச்சீட்டு வாங்கிய நிமிடத்திலிருந்து மருத்துவர் அறைக்குள் நுழையும் நிமிடம் வரையிலான காத்திருப்பு, முந்தைய பன்னிரண்டு மாதங்களோடு ஒப்பிடும்போது குறைந்ததா?"

இந்தக் கேள்வியில் மிக முக்கியமான பகுதி "பதிவுச்சீட்டு வாங்கிய நிமிடத்திலிருந்து" என்பதுதான். நோயாளிக்குக் காத்திருப்பு வாசலில் கால் வைத்ததுமே தொடங்கிவிடுகிறது. மென்பொருளுக்கோ பதிவுச்சீட்டு அச்சாகும்போதுதான் தொடங்குகிறது. பதிவு வரிசையில் நாற்பது நிமிடம் நின்றவரின் நாற்பது நிமிடமும் கணக்கில் வராமலே போய்விடும். எதை எங்கிருந்து எதுவரை அளக்கிறோம் என்ற வரையறையை முதல் நாளே எழுதிவைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து இரண்டு ஆய்வு உதவியாளர்கள் இரண்டு வெவ்வேறு பொருள்களை அளந்துவைத்திருப்பார்கள்.

எதை அளப்பது என்று திணறினால், மருத்துவச் சேவையின் தரத்தை ஆய்ந்த அவெடிஸ் டொனபீடியன் 1966இல் முன்வைத்த மூன்று பிரிவுகள் இன்றும் கைகொடுக்கும்: கட்டமைப்பு (எத்தனை மருத்துவர், எத்தனை அறை), செயல்முறை (எப்படிப் பதிகிறோம், எப்படி அழைக்கிறோம்), விளைவு (நோயாளிக்கு என்ன ஆனது). இவற்றோடு, ஒன்றைச் சீர்செய்யும்போது வேறொன்று கெட்டதா என்று காட்டும் சமன் அளவு ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். காத்திருப்பு குறைந்தது சரி, மருத்துவர் ஒருவரைப் பார்க்கும் நேரம் எட்டு நிமிடத்திலிருந்து நான்காகச் சுருங்கிவிட்டதா? பார்க்காமலே திரும்பிப் போனவர்கள் கூடினார்களா? இதை அளக்காமல் "வெற்றி" என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி தேறுமா என்று சோதிக்க ஒரே வழிதான் உண்டு. விடை "ஆம்" என்று வந்தால் யார் எந்த முடிவை எடுப்பார்? "இல்லை" என்று வந்தால்? இரண்டுக்கும் ஒரே முடிவு என்றால் அந்த ஆய்வு வேண்டாம்.

முன்னாய்வுகளைத் தேடும்போது குறைந்தது இரண்டு தரவுத்தளங்களில் தேடுங்கள். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் ஒன்று, மேலாண்மை சார்ந்த தளம் ஒன்று. எந்தச் சொற்களைக் கொண்டு எந்தத் தேதியில் தேடினீர்கள், எத்தனை கிடைத்தன, எதை ஏன் விட்டீர்கள் என்பதை அன்றே குறித்துவையுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுதினால் தவறாகத்தான் இருக்கும்.

படி 2: இது ஆய்வா, தர மேம்பாடா?

நிர்வாகத் துறையில் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இது. மருத்துவமனை தன் அன்றாட வேலையைச் சீர்செய்வது தர மேம்பாடு. பிற இடங்களுக்கும் பொருந்தும் அறிவை உருவாக்குவது ஆய்வு. ஏட்டில் தெளிவாக இருக்கும் இந்தக் கோடு, களத்தில் மங்கிவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ரத்த நாளத்தில் செருகும் மையச் சிரைக் குழாய் வழியாக ரத்தத்தில் தொற்று ஏறுவதைத் தடுக்க ஐந்து எளிய செயல்கள்: கை கழுவுதல், குழாய் செருகும்போது முழுத் தடுப்புடை, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல். 2006 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. குழாய் பொருத்தப்பட்ட ஆயிரம் நாளுக்கு 2.7 என்றிருந்த தொற்று விகிதத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு), மூன்று மாதத்தில் பூஜ்யமாக இறங்கியிருந்தது. ஆனால் 2007இல் அந்நாட்டின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம், இது மனிதர் மீதான ஆய்வு, உரிய நெறிமுறைப் பரிசீலனை நடந்திருக்க வேண்டும் என்றது. பெரும் விவாதம் எழுந்தபின், 2008 பிப்ரவரியில் மருத்துவமனைகள் அந்தப் பணியைத் தொடரலாம் என்று அதே அலுவலகம் தெளிவுபடுத்தியது. கை கழுவச் சொன்ன திட்டத்துக்கே இந்த நிலை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கோடு எங்கே என்று முடிவு செய்வது உங்கள் வேலையல்ல என்பது. இரண்டு பக்கச் சுருக்கத்தை நெறிமுறைக் குழுவிடம் கொடுத்து, "பரிசீலனை தேவை" அல்லது "தேவையில்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். முடிவை வெளியிடும் எண்ணம் உண்டா, வழக்கமான சேவையிலிருந்து யாருக்காவது வேறுபட்ட சேவை கிடைக்குமா, சீட்டுக் குலுக்கல்போலத் தற்செயலாகப் பிரிக்கிறீர்களா, தனிநபர் தரவை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுபோகிறீர்களா என்ற நான்குக்கும் நேரான பதில் அதில் இருக்கட்டும். அனுமதியைத் தவிர்ப்பதற்காகவே ஆய்வுக்குத் "தர மேம்பாடு" என்று பெயர் சூட்டாதீர்கள். தரவைச் சேகரித்து முடித்தபின் அனுமதி கேட்டால் குழு முன்தேதியிட்டுக் கொடுக்காது, இதழும் ஏற்காது. அவ்வளவு உழைப்பும் வீண்.

படி 3: வடிவமைப்பு, அதில் ஒளிந்திருக்கும் பொறிகள்

நிர்வாக ஆய்வில் பெரும்பாலானவை "முன்பு, பின்பு" ஒப்பீடுகள். எளிதானவை, ஆனால் எளிதில் ஏமாற்றுபவை. ஏமாற்றும் வழிகள் மூன்று.

முதலாவது, சராசரிக்குத் திரும்புதல். காத்திருப்பு மிக மோசமாக இருந்த மாதத்தில்தான் நிர்வாகம் விழித்துக்கொண்டு மாற்றத்தைக் கொண்டுவரும். மிக மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு சரியாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை உங்கள் திட்டத்துக்குப் போய்விடும். இரண்டாவது, பருவம். காய்ச்சல் காலத்தையும் காய்ச்சல் இல்லாக் காலத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும். மூன்றாவது, கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் மனிதர்கள் மாறுவது. கை கழுவும் பழக்கத்தைக் குறிப்பேட்டோடு நின்று பார்த்தால் எல்லோரும் கழுவுவார்கள்.

இதற்கு மருந்து, இரண்டு புள்ளிகளுக்குப் பதில் நிறையப் புள்ளிகள். மாற்றத்துக்கு முன் பன்னிரண்டு மாதம், பின் பன்னிரண்டு மாதம் என மாதந்தோறும் இடைநிலைக் காத்திருப்பைக் குறித்தால், மாற்றத்தின்போது கோடு உண்மையிலேயே முறிந்ததா, அல்லது ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்ததா என்பது கண்ணுக்கே தெரியும். இதைக் காலத்தொடர் ஆய்வு என்பார்கள். இதன் எளிய வடிவமான ஓட்ட வரைபடத்தில் இரண்டு விதிகள் போதும்: இடைநிலைக் கோட்டின் ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு புள்ளிகளோ மேலோ விழுந்தால் அது இடப்பெயர்ச்சி, தொடர்ந்து ஐந்தோ மேலோ ஒரே திசையில் ஏறினால் அல்லது இறங்கினால் அது போக்கு. மாற்றம் தொடாத இன்னொரு பிரிவின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால் வாதம் இன்னும் வலுக்கும்.

இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடும்போது இன்னொரு பெரிய பொறி உண்டு. மருத்துவமனை "அ"வில் இலேசான நோயாளிகள் 900 பேரில் 9 பேர் இறக்கிறார்கள், கடுமையான நோயாளிகள் 100 பேரில் 10 பேர். மொத்தம் 1000க்கு 19, அதாவது 1.9 சதவீதம். மருத்துவமனை "ஆ"வில் இலேசானவர் 200 பேரில் 1, கடுமையானவர் 800 பேரில் 64. மொத்தம் 1000க்கு 65, அதாவது 6.5 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் "ஆ" படுமோசம். பிரித்துப் பார்த்தால் இலேசான பிரிவில் 1 சதவீதத்துக்கு எதிராக 0.5, கடுமையான பிரிவில் 10 சதவீதத்துக்கு எதிராக 8. இரண்டிலும் "ஆ"தான் மேல்! கடினமான நோயாளிகளை ஏற்றுக்கொண்டதற்காக ஒரு மருத்துவமனையைத் தரப்பட்டியலில் கீழே தள்ளினால், அடுத்த ஆண்டு அது அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தொடங்கும். நோயின் கடுமைக்கு ஏற்பச் சரிக்கட்டாத ஒப்பீட்டை வெளியிடுவது நெறிப் பிரச்சினை என்று சொல்வது இதனால்தான்.

"ஏன்" என்ற கேள்விக்கு எண்கள் பதில் சொல்லாது. நேரம் ஒதுக்கியும் நோயாளிகள் ஏன் காலையிலேயே வந்து நிற்கிறார்கள் என்பதை அறிய நேர்காணல்தான் வழி. புதிதாக எதுவும் வராத நிலை எட்டும்வரை பேசுங்கள். எத்தனை பேர் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும் என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் வையுங்கள். பலர் இந்த இடத்தில்தான் கால அட்டவணையைக் கோட்டைவிடுகிறார்கள்.

படி 4: எத்தனை பேர் வேண்டும்?

"நூறு பேர் போதுமா?" என்ற கேள்விக்கு எண்ணால் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

ஒரு விகிதத்தை அளக்கிறீர்கள் என்றால் (எத்தனை சதவீதம் பேர் திருப்தியடைந்தார்கள்), 1.96இன் (95 சதவீத நம்பகத்துக்கான எண்) வர்க்கத்தை விகிதத்தாலும், ஒன்றிலிருந்து விகிதத்தைக் கழித்த மீதியாலும் பெருக்கி, பிழை எல்லையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விகிதம் தெரியாதபோது 0.5 வையுங்கள். பிழை எல்லை 5 சதவீதம் என்றால் 3.8416 × 0.25 ÷ 0.0025 = 384.16, அதாவது 385 பேர். பலரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் "384" வருவது இங்கிருந்துதான். மொத்தமே 600 ஊழியர் உள்ள மருத்துவமனை என்றால் இத்தனை தேவையில்லை. 384.16ஐ 1 + (383.16 ÷ 600) ஆல் வகுத்தால் 235 போதும். ஐந்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்று எதிர்பார்த்தால் 235 ÷ 0.8, அதாவது 294 பேரிடம் கேட்க வேண்டும்.

இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. காத்திருப்பின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி மதிப்புகள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) 40 நிமிடம், கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம் 15 நிமிடம், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம் (முக்கியத்துவ மட்டம்), இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் (கண்டறியும் திறன்); இந்த இரண்டிலிருந்தும் வருவது 7.84: 2 × 7.84 × 1600 ÷ 225 = 111.5. குழுவுக்கு 112 பேர்.

கொத்தாகச் சேகரிப்பதால் வரும் இழப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே வார்டில் வேலை செய்பவர்கள் ஒருவரைப் போல ஒருவர் பதில் சொல்வார்கள். வார்டுக்கு 20 பேர், அவர்களுக்குள் ஒற்றுமைக் கெழு 0.05 என்றால், 1 + (19 × 0.05) = 1.95. மாதிரி ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டும். இதை விட்டுவிட்டுச் செய்த ஆய்வில் இல்லாத வித்தியாசம் இருப்பதுபோலத் தெரியும்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் எண்ணிக்கையளவு முக்கியம். காலை பத்து மணிக்குக் காத்திருப்போரிடம் மட்டும் கேட்டால், வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருபவர்கள் விடுபடுவார்கள். காத்திருந்து சலித்துப் போய்த் திரும்பியவர் எந்தக் கேள்வித்தாளிலும் வரமாட்டார், உங்கள் ஆய்வு தேட வேண்டியவரோ அவர்தான். பதிவேட்டிலிருந்து எடுத்து, சில நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்கும் வழியையும் யோசியுங்கள்.

படி 5: கேள்வித்தாள்

ஏற்கெனவே சோதிக்கப்பட்ட கேள்வித்தாள் இருந்தால் அதையே உரிமையாளரின் அனுமதி பெற்றுப் பயன்படுத்துங்கள். வேறு மொழியிலிருந்து கொண்டுவந்தால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூல மொழிக்கு மாற்றி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு நான்கைந்து பேரிடம் கொடுத்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று கேளுங்கள். அதற்கும் பிறகுதான் முப்பது பேரிடம் முன்சோதனை.

சொந்தமாக எழுதினால் இந்தப் பிழைகள் திரும்பத் திரும்ப வரும். "மருத்துவரும் செவிலியரும் கனிவாக நடந்துகொண்டார்களா?" என்பது இரட்டைக் கேள்வி, மருத்துவர் கடிந்து பேசி, செவிலியர் கனிவாக இருந்தால் எதைக் குறிப்பது? "எங்கள் சிறந்த சேவை" என்று தொடங்கும் கேள்வி பதிலை வாயில் ஊட்டுகிறது. "சமீபத்தில்" என்றால் ஒருவருக்கு நேற்று, இன்னொருவருக்குப் போன வருடம்.

ஒரே கருத்தை அளக்கும் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைக் கிரான்பாக் ஆல்ஃபா காட்டும். 0.70க்குக் கீழே என்றால் கேள்விகள் சிதறிக் கிடக்கின்றன. 0.95க்கு மேல் என்றால் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஆல்ஃபா அதிகம் என்பதாலேயே சரியானதை அளக்கிறோம் என்றாகாது. தவறான எடைக்கல்லும் ஒவ்வொரு முறையும் ஒரே எடையைத்தான் காட்டும்.

படி 6: நெறிமுறை விண்ணப்பம்

மனிதர் மீதான ஆய்வுக்கு நெறி வகுத்த 1947இன் நியூரம்பெர்க் விதிகள், 1964இன் ஹெல்சிங்கி பிரகடனம், 1979இன் பெல்மான்ட் அறிக்கை ஆகிய மூன்றையும் ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். ஹெல்சிங்கி பிரகடனத்துக்கு 2024இல் வந்த திருத்தத்தைப் படிப்பது நல்லது. பெல்மான்ட் வகுத்த மூன்று கொள்கைகள் மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி.

நிர்வாகம் படிப்பவர்கள் டஸ்கிகீ ஆய்வை ஒரு தனிக் கோணத்தில் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும், சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தது. அது ஒரு கொடிய மருத்துவர் ஒளிந்து செய்த காரியமல்ல. அலுவலகம், கோப்பு, ஒதுக்கீடு எல்லாம் இருந்தன. இவர்களுக்குச் சிகிச்சை தர வேண்டாம் என்று உள்ளூர் மருத்துவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் போனது. நாற்பது ஆண்டுகள் ஓர் அநீதி நடக்க வேண்டுமானால் அதற்கு நிர்வாகம் வேண்டும். ஆய்வு நெறியை மருத்துவர்களுக்கான பாடம் என்று நாம் ஒதுக்கக் கூடாததற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டியவை: யார் நடத்துகிறார், யார் பணம் தருகிறார், எதற்காக, எவ்வளவு நேரம் ஆகும், என்ன கேட்கப்படும், என்ன சங்கடம் வரலாம், தரவு எங்கே எவ்வளவு காலம் இருக்கும், விலகினால் என்ன ஆகும், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். "மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது" என்ற வரியைப் படிவத்தில் எழுதினால் மட்டும் போதாது, வாயாலும் சொல்லுங்கள். வெள்ளை அங்கி அணிந்து கேட்பவரிடம் நோயாளியால் மறுக்க முடியாது. கேட்பவர் சிகிச்சைக் குழுவைச் சேராதவராக இருக்கட்டும்.

இத்துறையின் மிகக் கடினமான நெறிச்சிக்கல் நோயாளிகளைவிட ஊழியர்களிடம்தான் இருக்கிறது. செவிலியர் கண்காணிப்பாளர் தன் கீழ் பணிபுரிபவர்களிடம் பணிச்சோர்வு பற்றிய கேள்வித்தாளைக் கொடுத்து, மாலைக்குள் திருப்பித் தரச் சொன்னால் அது ஒப்புதலே அல்ல. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது மேலதிகாரிக்குத் தெரியவே கூடாது. கேள்வித்தாளை மூடிய உறையில் பூட்டிய பெட்டியில் போடச் செய்யுங்கள். நிரப்பாதவரும் வெற்றுத் தாளை உறையிலிட்டுப் போடலாம் என்று சொல்லுங்கள்; அப்போது மறுத்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. நீங்களே மேலதிகாரி என்றால் தரவைச் சேகரிக்கும் வேலையை வெளியாளிடம் ஒப்படையுங்கள்.

மருத்துவமனை இயக்குநரின் அனுமதிக் கடிதத்தையே ஊழியர்களின் ஒப்புதலாக நினைப்பது இன்னொரு தவறு. கொத்தாகத் தற்செயல் முறையில் பிரிக்கும் ஆய்வுகளுக்கான 2012இன் ஒட்டாவா அறிக்கை இதைத் தெளிவாக்குகிறது. இயக்குநர் போன்ற வாயிற்காப்பாளர் கதவைத் திறக்கலாம், தனிமனிதரின் சம்மதத்தை அவர் சார்பில் கொடுக்க முடியாது.

எதிர்பாராமல் ஆபத்து ஒன்றைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கவனித்துக்கொண்டிருக்கும்போது ஒரு நோயாளிக்குத் தவறான மருந்து போகப்போகிறது. ஆய்வாளர் குறிப்பெடுத்துக்கொண்டு நிற்க முடியாது, தடுத்தே ஆக வேண்டும். ஆனால் பிறகு அந்த ஊழியரின் பெயரை யாரிடம் சொல்வீர்கள்? ரகசியத்துக்கு எல்லை உண்டு என்றால் அந்த எல்லையைப் பங்கேற்பாளர் கையெழுத்திடும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

படி 7: தரவைக் காப்பது

பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவதில்லை. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து இனம்காண முடியலாம் என்று 2000இல் தரவு ரகசியத்தை ஆய்ந்த லதான்யா ஸ்வீனி கணித்துக் காட்டினார். ஊழியர் கணக்கெடுப்பில் இது இன்னும் எளிது: "ஆண் செவிலியர், இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம், பச்சிளங்குழந்தைப் பிரிவு" என்றால் அந்த மருத்துவமனையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வயதை ஐந்தாண்டு வரம்புகளாக்குங்கள், சிறு பிரிவுகளை ஒன்றிணையுங்கள், ஐந்துக்குக் குறைவான எண் வரும் அட்டவணைக் கட்டங்களை மறையுங்கள்.

ஒவ்வொருவருக்கும் குறியீட்டெண் கொடுத்து, பெயரையும் எண்ணையும் இணைக்கும் கோப்பைத் தனியாக, கடவுச்சொல்லோடு, வேறு கணினியில் வையுங்கள். பென்டிரைவில் நோயாளி விவரங்களை எடுத்துப் போவதையும் வாட்ஸ்அப்பில் பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவதையும் குழுவில் முதல் நாளே தடை செய்யுங்கள். ரெட்கேப் போன்ற தரவு சேகரிப்பு மென்பொருள்களில் யார் எதை மாற்றினார் என்ற தடம் இருக்கும்.

பிறர் கொடுக்கும் தரவானால் மூலத்தைப் பாருங்கள். 2020 மே மாதம் 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளின் தரவு என்று சொல்லி கோவிட் நோய்க்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து தருவது பற்றிய கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டே வாரத்தில், ஜூன் 4 அன்று, அது திரும்பப் பெறப்பட்டது. தரவைத் தந்த நிறுவனம் மூலத்தைச் சரிபார்க்கக் கொடுக்கவில்லை, இணை ஆசிரியர்களே அதற்குப் பொறுப்பேற்க முடியாமல் போனது. மூலத்தைப் பார்க்க முடியாத தரவில் உங்கள் பெயரை வைக்காதீர்கள்.

படி 8: பகுப்பாய்வு

முதல் வேலை வரைபடம் போடுவது. காத்திருப்பு நேரம், தங்கிய நாட்கள், செலவு இந்த மூன்றும் வலப்புறம் வால் நீண்டவை. நான்கு பேர் 20 நிமிடமும் ஒருவர் 320 நிமிடமும் காத்திருந்தால் சராசரி 80 நிமிடம். அந்த 80 நிமிடத்தை யாருமே காத்திருக்கவில்லை. இடைநிலையையும் கால்மான வீச்சையும் (நடுப்பாதிப் பேரின் மதிப்புகள் பரவியுள்ள எல்லை) கொடுங்கள், ஒப்பிட, சராசரியை நம்பாமல் மதிப்புகளின் வரிசையைக் கொண்டு ஒப்பிடும் மான்-விட்னி சோதனையைப் பாருங்கள். ஆனால் அந்த 320 நிமிடக்காரரை "விலகல் மதிப்பு" என்று நீக்கிவிடாதீர்கள். சக்கர நாற்காலியில் வந்து, யாரும் அழைக்காமல் மூலையில் இருந்தவராக அவர் இருக்கலாம்.

எந்தச் சோதனை, எந்த ஒப்பீடு என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எந்த வித்தியாசமும் இல்லாத இடத்தில் சார்பற்ற 20 ஒப்பீடுகள் செய்தால், ஒன்றிலாவது பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கிடைத்த ஒன்றை மட்டும் எடுத்து, முதலிலிருந்தே அதைத்தான் தேடியதுபோல எழுதுவது மோசடி. பி மதிப்போடு நிறுத்தாமல் வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) என்ன என்று எழுதுங்கள். இரண்டு நிமிடம் குறைந்தது "புள்ளியியல்படி முக்கியம்" ஆகலாம், நோயாளிக்கு அது ஒன்றுமே இல்லை. கணக்குப் போட ஆர், ஜமோவி ஆகிய புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம்.

படி 9: எழுதுவது, திருப்பிக் கொடுப்பது

எழுதத் தொடங்கும் முன் சரியான சரிபார்ப்புப் பட்டியலைத் திறந்துவையுங்கள்: கவனிப்பு ஆய்வுக்கு 22 கூறுகள் கொண்ட ஸ்ட்ரோப், நேர்காணல் ஆய்வுக்கு 32 கூறுகள் கொண்ட கோரெக், தர மேம்பாட்டுக்கு ஸ்குவயர். ஆசிரியர் பெயரைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்லும் நான்கு நிபந்தனைகளும் (ஆய்வில் கணிசமான பங்கு, வரைவு எழுதுதல் அல்லது திருத்துதல், இறுதி ஒப்புதல், முழுப் பொறுப்பு) நிறைவேறாமல் துறைத்தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்க்கக் கூடாது. தரவு சேகரித்த இளநிலை ஊழியரின் பங்கை நன்றியுரையிலாவது பெயரோடு குறிக்க வேண்டும்.

முடிவு நிர்வாகத்துக்குப் பிடிக்காமல் போகலாம். அதனால் வெளியிடும் உரிமை யாருடையது என்பதை அனுமதி வாங்கும்போதே எழுத்தில் பேசி வையுங்கள். "திட்டம் பலனளிக்கவில்லை" என்பதும் ஒரு முடிவுதான். அது மறைக்கப்பட்டால் இன்னொரு மருத்துவமனை அதே செலவையும் அதே உழைப்பையும் மறுபடி வீணாக்கும்.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

முதல் ஆய்வைக் கற்றுக்கொண்டே செய்பவர் கேள்விக்கும் முன்னாய்வுத் தேடலுக்கும் நான்கு வாரம், திட்ட வரைவுக்கு மூன்று வாரம், நெறிமுறைக் குழுவுக்கு நான்கிலிருந்து எட்டு வாரம், முன்சோதனைக்கு இரண்டு வாரம் என்று ஒதுக்குங்கள். குழு ஒருமுறை திருத்தம் கேட்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒப்புதல் படிவத்தின் மொழி, மாதிரி எண்ணிக்கையின் கணக்கு, தரவை அழிக்கும் தேதி இந்த மூன்றில்தான் கேள்வி வரும். தரவு சேகரிக்க எடுக்கும் காலம் நோயாளிகளின் வருகையைப் பொறுத்தது. பகுப்பாய்வுக்கும் எழுத்துக்கும் ஆறு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். நேர்காணலும் உண்டென்றால் அதை இரட்டிப்பாக்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேலை மீதமிருக்கும். முடிவை ஒரே பக்கத்தில், எளிய மொழியில் எழுதி, பதில் சொன்ன வார்டுகளின் அறிவிப்புப் பலகையிலும் காத்திருப்புக் கூடத்தின் சுவரிலும் ஒட்டுங்கள். என்ன கண்டோம், அதனால் எது மாறப்போகிறது, எது மாறாது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.